ஊர் இன்ஸ்பெக்டர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? காவல் நிலைய அதிகாரமும் அதன் மேல் உள்ள கண்காணிப்பும்

"இன்ஸ்பெக்டர் ஆயுதப்படைக்கு மாற்றம்", "துறை ரீதியான விசாரணைக்கு எஸ்.பி. உத்தரவு" என்றெல்லாம் செய்தி வரும்போது கன்னியாகுமரி மாவட்டத்தின் சின்ன ஊர்களில் ஒரே மாதிரியான கேள்விகள்தான் எழுகின்றன. இது தண்டனையா, கண்துடைப்பா? பேரூராட்சித் தலைவர் ஏன் தட்டிக் கேட்கவில்லை? கலெக்டர் நினைத்தால் அவரை மாற்ற முடியாதா? எம்.எல்.ஏ.விடம் போனால் காரியம் நடக்குமா?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. ஒரு சிறிய ஊரில் மக்கள் நேரில் பார்க்கும் அரசு என்றால் அது பெரும்பாலும் காவல் நிலையம்தான். ஆனால் அந்த நிலையத்தின் தலைவர் ஊருக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. அவரை நியமிப்பதிலோ மாற்றுவதிலோ ஊருக்கு எந்தப் பங்கும் கிடையாது. அப்படியானால் அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஊர் போலீஸின் தலைவர் யார்?

அமெரிக்காவின் பல சிறு நகரங்களில் போலீஸ் தலைவரை நகர மேயரோ நகர மன்றமோ நியமிக்கும். சம்பளமும் நகர நிதியிலிருந்தே போகும். நம் நாட்டில் அந்த ஏற்பாடு இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் காவல் துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. குழித்துறை, பத்மநாபபுரம் நகராட்சிகளுக்கோ, மாவட்டத்தில் உள்ள ஏராளமான பேரூராட்சிகளுக்கோ, நாகர்கோவில் மாநகராட்சிக்கோ கூட போலீஸ் மீது எந்த அதிகாரமும் இல்லை. தலைவர் கோரிக்கை வைக்கலாம், மனு கொடுக்கலாம். உத்தரவு போட முடியாது.

படிநிலை இப்படிப் போகிறது:

1. காவல் நிலையம். பொறுப்பு அதிகாரி பெரும்பாலும் இன்ஸ்பெக்டர். அவருக்குக் கீழே எஸ்.ஐ.க்கள், சிறப்பு எஸ்.ஐ.க்கள், ஏட்டுகள், காவலர்கள்.
2. உட்கோட்டம். தலைமை டி.எஸ்.பி., அல்லது இளம் ஐ.பி.எஸ். அதிகாரி என்றால் ஏ.எஸ்.பி. நாகர்கோவில், கன்னியாகுமரி, தக்கலை, குளச்சல் ஆகியவை இப்படி உட்கோட்டத் தலைமையிடங்கள்.
3. மாவட்டம். தலைமை எஸ்.பி., அலுவலகம் நாகர்கோவிலில்.
4. சரகம். திருநெல்வேலியில் டி.ஐ.ஜி.
5. மண்டலம். மதுரையில் தென்மண்டல ஐ.ஜி.
6. சென்னையில் டி.ஜி.பி. அதற்கு மேல் உள்துறை.

சட்டம் "காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி" என்று சொல்வது இன்ஸ்பெக்டரைத்தான். ஆனால் அந்த வரையறையில் இன்னொரு வரியும் இருக்கிறது. பொறுப்பு அதிகாரி வெளியே போயிருந்தாலோ உடல்நலம் இல்லாமல் இருந்தாலோ, அந்த நேரத்தில் நிலையத்தில் இருப்பவர்களில் காவலர் பதவிக்கு மேலே உள்ள அடுத்த ஆள்தான் பொறுப்பு அதிகாரி. ஆகவே "அய்யா பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு, நாளைக்கு வாங்க" என்று புகார் வாங்காமல் திருப்பி அனுப்ப சட்டத்தில் இடமே இல்லை. அந்த நிமிடம் அங்கே இருக்கும் எஸ்.ஐ.யோ ஏட்டோ புகாரை வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவர்.

அதேபோல மேல்நோக்கியும் ஒரு விதி உண்டு. தன் எல்லைக்குள் இருக்கும் எந்த நிலையத்தின் பொறுப்பு அதிகாரிக்கு உள்ள அதிகாரமும் டி.எஸ்.பி.க்கும் எஸ்.பி.க்கும் உண்டு. "அது அந்த இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டிய விஷயம்" என்று மேலதிகாரி கைகழுவுவதும் சரியான பதில் ஆகாது.

அவருடைய நாள் எதில் போகிறது

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் இன்ஸ்பெக்டரின் வேலைப்பளுவையும் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் பந்தோபஸ்தே ஒரு பெரிய வேலை. மாசியில் மண்டைக்காடு கொடை, மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், டிசம்பர் தொடக்கம் வரை கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, நவராத்திரிக்கு பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் சுவாமி சிலைகளின் ஊர்வலம், அப்புறம் கன்னியாகுமரிக்கு வரும் தலைவர்கள். 2024 மே 30 முதல் ஜூன் 1 வரை பிரதமர் விவேகானந்தர் பாறையில் தியானம் செய்தபோது முக்கடல் முனையே போலீஸ் வளையமாக இருந்தது. அந்த மாதிரி நாட்களில் சுற்றியுள்ள நிலையங்களின் ஆள்பலமும் அங்கேதான் போகும். திருட்டு வழக்கும் நிலத் தகராறும் காத்திருக்கும்.

கேரள எல்லை தனிச் சுமை. கனிமவள லாரிகள், ரேஷன் அரிசிக் கடத்தல், எல்லை தாண்டி ஓடும் குற்றவாளிகள் எல்லாம் களியக்காவிளை வழியாகத்தான். 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். சாவடியில் உட்கார்ந்திருக்கும் வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதை மாவட்டம் அன்று கண்டது.

லாரி விஷயத்தில் எல்லாக் கோபமும் இன்ஸ்பெக்டர் மீதே விழுகிறது. கனிமம் ஏற்றிச் செல்ல நடைச்சீட்டு கொடுப்பது கனிமவளத் துறை, அளவுக்கு மீறிய பாரத்தைப் பார்க்க வேண்டியது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், அரிசி என்றால் உணவுப் பொருள் கடத்தல் தடுப்புக்கென்றே தனிப் பிரிவு. கடலில் நடப்பதைக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் பார்க்கிறது. யாருடைய வேலை எது என்று தெரியாமல் கொடுக்கும் மனு, ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

உண்மையான அதிகாரம்: பதிவு செய்வதா, வேண்டாமா

இன்ஸ்பெக்டரின் பலம் துப்பாக்கியில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அது நிலையத்தின் முன்மேசையில் இருக்கிறது. அங்கே நிலையப் பதிவேடுகளை எழுதும் ரைட்டர் உட்கார்ந்திருப்பார். நீங்கள் எழுதிக் கொடுக்கும் தாளுக்கு அங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சி.எஸ்.ஆர்., இன்னொன்று எஃப்.ஐ.ஆர்.

சி.எஸ்.ஆர். என்பது மனு ரசீது. சமுதாயப் பணிப் பதிவேடு என்ற பதிவேட்டில் உங்கள் மனுவுக்கு ஒரு எண் போட்டு, "பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று தருகிறார்கள். அவ்வளவுதான். பிறகு இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். பணம் கொடுக்கல் வாங்கல், வரப்புத் தகராறு, குடும்பச் சண்டை போன்றவை இந்தப் பேச்சிலேயே முடிந்துபோவதும் உண்டு. அது நல்லபடி முடிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருக்கும்போதும் சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்து வாரக்கணக்கில் அலையவிடுவதுதான் தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கும் குறை.

எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை, வேறு. அதற்குக் குற்ற எண், சட்டப் பிரிவு, தகவல் கிடைத்த நாள், நேரம் எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் விட முக்கியம், அதன் நகல் உடனே மாஜிஸ்திரேட்டுக்குப் போய்விடும். குழித்துறை, பத்மநாபபுரம், இரணியல், பூதப்பாண்டி, நாகர்கோவில் என்று எந்த எல்லையோ அந்த நீதிமன்றத்துக்கு. அந்தத் தாள் எத்தனை மணிக்கு நீதிமன்றம் வந்து சேர்ந்தது என்பதுகூட அதில் குறிக்கப்படும். நிலையத்தில் பதிவான நேரத்துக்கும் நீதிமன்றத்தில் சேர்ந்த நேரத்துக்கும் பெரிய இடைவெளி இருந்தால், இடையில் எதையாவது மாற்றி எழுதினார்களா என்ற கேள்வியை வக்கீல்கள் வழக்கு விசாரணையில் எழுப்புவார்கள்.

இந்த வேறுபாட்டில்தான் முழு விஷயமும் இருக்கிறது. சி.எஸ்.ஆர். ஸ்டேஷன் சுவருக்குள்ளேயே இருக்கும். எஃப்.ஐ.ஆர். வெளியே போய்விடும். வெளியே போன நிமிடத்திலிருந்து இன்ஸ்பெக்டருக்கு மேலே, அவருடைய துறையைச் சேராத ஒருவர் வந்துவிடுகிறார். போலீஸ் மீதான கண்காணிப்பு, நிலையத்தை விட்டுத் தாள் வெளியே போகும் இடங்களில்தான் உயிரோடு இருக்கிறது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 173-ஆவது பிரிவு. அந்தப் பிரிவு சொல்லும் சில விஷயங்கள்:

1. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். "அது எங்க லிமிட் இல்ல" என்பது இனிமேல் பதில் ஆகாது.
2. மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.
3. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.
4. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். இந்த விதிவிலக்கைத் தாண்டி "விசாரித்துவிட்டுப் பார்க்கலாம்" என்று இழுக்க முடியாது.

இந்த நான்காவது விதி எனக்குக் கவலை தருகிறது. முதற்கட்ட விசாரணை நடக்கும் நாட்களில் மாஜிஸ்திரேட்டுக்கு எந்தத் தாளும் போகாது. அந்த இடைவெளியில் சமரசம் பேசச் சொல்லி எளியவரை நெருக்க இடம் இருக்கிறது.

இரண்டு இடங்களில் சட்டம் இன்ஸ்பெக்டர் கையையே கட்டிவிடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளைப் புலன் விசாரணை செய்ய வேண்டியவர் டி.எஸ்.பி. நிலையில் உள்ளவர், பதிவு செய்யாமல் வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியருக்கு அந்தச் சட்டத்திலேயே தண்டனை உண்டு. பாலியல் வன்முறை போன்ற பெண்களுக்கு எதிரான சில கடுங்குற்றங்களில் தகவலைப் பதிவு செய்யாவிட்டால், இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆவது பிரிவின்படி அந்த அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல்.

விசாரணைக்குக் கூப்பிடுவதும் கைது செய்வதும்

"சும்மா ஒரு விசாரணை, ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க" என்ற அழைப்பு நம் ஊர்களில் சர்வசாதாரணம். சாட்சியாகக் கூப்பிட எழுத்து மூலம் உத்தரவு வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த அல்லது 60 வயதைக் கடந்த ஆண்களையும், மாற்றுத் திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் அவர்கள் வசிக்கும் இடத்தை விட்டு வேறு இடத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

கைது என்று வந்துவிட்டால் பின்வருபவை கட்டாயம். இவற்றில் பல, 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தவை. பிறகு சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன.

1. கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும்.
2. கைதுக் குறிப்பாணை எழுதி, குடும்பத்தினர் அல்லது உள்ளூரில் மதிப்புள்ள ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும்.
3. கைதுக்கான காரணத்தைக் கைதானவரிடம் சொல்ல வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும்.
4. மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும்.
5. விசாரணையின்போது, முழு நேரமும் இல்லாவிட்டாலும், வக்கீலைச் சந்திக்க விட வேண்டும்.
6. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும்.
7. பெண்ணை சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு செய்யலாம்.
8. மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதைக் கடந்தவரையோ உடல் நலிந்தவரையோ கைது செய்ய டி.எஸ்.பி. அனுமதி வேண்டும்.

இதில் ஆறாவதுதான் மையம். 24 மணி நேரம் என்பது வெறும் கணக்கு இல்லை. ஆளை நேரில் பார்க்கும் முதல் வெளியாள் மாஜிஸ்திரேட். அவர் முகத்தைப் பார்த்து "அடித்தார்களா?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு அருகிலுள்ள தூத்துக்குடி மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துச் சென்ற ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. நீதிமன்றம் அனுப்பிய மாஜிஸ்திரேட்டுக்கு நிலையத்திலேயே ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை. கேமராப் பதிவுகள் தினமும் அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அவர் அறிக்கையில் எழுதினார். தடயங்களைக் காப்பாற்ற, ஒரு காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அன்று இரவு நிலையத்தில் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ரேவதி துணிந்து கொடுத்த வாக்குமூலம் இல்லாவிட்டால் வழக்கு எங்கே நின்றிருக்கும் என்று நினைக்கவே பதறுகிறது.

சாத்தான்குளமும் நாகர்கோவிலும் ஒரே திருநெல்வேலி சரகத்தில்தான் இருக்கின்றன. மேலே எண்ணிக் காட்டிய ஆறு படிகளும் அங்கேயும் இருந்தன.

மேலதிகாரிகள் எப்படிக் கவனிக்கிறார்கள்

துறைக்குள் கண்காணிப்பே இல்லை என்று சொல்வது தவறு. நிறையவே இருக்கிறது.

ஒவ்வொரு நிலையத்திலும் தனிப்பிரிவைச் சேர்ந்த ஒரு ஏட்டோ காவலரோ இருப்பார். சாதாரண உடையில் இருக்கும் அவர் இன்ஸ்பெக்டருக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. நிலையத்திலும் ஊரிலும் நடப்பதை எஸ்.பி. அலுவலகத்துக்கு நேரடியாகச் சொல்பவர். டி.எஸ்.பி.யும் எஸ்.பி.யும் நிலைய ஆய்வுக்கு வந்து பொது நாட்குறிப்பு, வழக்கு நாட்குறிப்பு, பாரா புத்தகம், நிலுவை வழக்குகள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். புதன்கிழமைகளில் எஸ்.பி. அலுவலகத்தில் மனு விசாரணை நடக்கும்.

இதன் குறை என்னவென்றால், எஸ்.பி.யிடம் கொடுக்கும் மனு விசாரணைக்காக டி.எஸ்.பி.க்குப் போய், அங்கிருந்து பல சமயம் அதே நிலையத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது. யார் மீது புகாரோ அவரிடமே அறிக்கை கேட்கப்படுகிறது. மனு கொடுத்தவரை அதே இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு "எஸ்.பி. வரைக்கும் போயிட்டீங்களா?" என்று கேட்கும்போது அந்த மனிதர் எப்படிப் பேசுவார்?

சரி, செய்தியில் வரும் நடவடிக்கைகளின் எடை என்ன?

1. ஆயுதப்படைக்கு மாற்றம், காத்திருப்போர் பட்டியல். இது தண்டனை இல்லை. ஆளை அந்த இடத்திலிருந்து எடுக்கிறார்கள், அவ்வளவுதான். பணிப் பதிவேட்டில் இது குற்றமாக ஏறாது. ஊர்க் கோபம் அடங்கியதும் வேறொரு நிலையத்தில் பொறுப்பு கிடைக்கலாம்.
2. பணியிடை நீக்கம். விசாரணை முடியும்வரை பணியிலிருந்து விலக்கி வைப்பது. பிழைப்பூதியம் கிடைக்கும். இதுவும் இறுதித் தண்டனை இல்லை. இன்ஸ்பெக்டர் என்றால் வழக்கமாக டி.ஐ.ஜி. உத்தரவிடுவார்; எஸ்.ஐ. வரை எஸ்.பி. உத்தரவிடலாம்.
3. துறை விசாரணை. 1955-ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் கீழ் குற்றச்சாட்டு மெமோ கொடுப்பார்கள். போலீஸார் வாயில் 3(ஏ), 3(பி) என்று வருவது இதுதான். முதலாவது சிறு தண்டனைகளுக்கு, இரண்டாவது பதவியிறக்கம், பணிநீக்கம் வரை போகக்கூடிய கடும் நடவடிக்கைக்கு. வாய்மொழி விசாரணை, சாட்சி, மேல்முறையீடு எல்லாம் உண்டு.
4. குற்ற வழக்கு. வாக்குமூலம் வாங்கக் காயப்படுத்தினால் ஏழு ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை சிறை. சி.பி.சி.ஐ.டி., சி.பி.ஐ. வருவது இந்தக் கட்டத்தில்.

ஆகவே "மாற்றம்" என்ற செய்தியைப் படித்து ஊர் ஓய்ந்துவிடக் கூடாது. மூன்றாவதும் நான்காவதும் தொடங்கியதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கலெக்டரும் எம்.எல்.ஏ.வும்

கலெக்டர் மாவட்ட மாஜிஸ்திரேட். சட்டம் ஒழுங்கு பற்றி எஸ்.பி.யிடம் பேசவும் அறிக்கை கேட்கவும் முடியும். இன்ஸ்பெக்டரை மாற்றும் உத்தரவு அவரிடமிருந்து வராது. ஆனால் ஓர் இடத்தில் இன்ஸ்பெக்டரின் தாள் நேராக அவர் மேசைக்கு வருகிறது. அதுதான் குண்டாஸ் என்கிற குண்டர் தடுப்புச் சட்டம். 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டப்படி ஒருவரை வழக்கு விசாரணை இல்லாமலேயே 12 மாதம் வரை தடுப்புக்காவலில் வைக்கலாம். கோப்பைத் தயாரிப்பவர் இன்ஸ்பெக்டர், பரிந்துரைப்பவர் எஸ்.பி., கையெழுத்திடுபவர் கலெக்டர். கோப்பை ஊன்றிப் படிக்காமல் கலெக்டர் கையெழுத்திட்டால், ஓர் இன்ஸ்பெக்டரின் கருத்து ஒரு மனிதரின் ஓராண்டு வாழ்க்கையாகிவிடும். மதுரைக் கிளையில் இத்தகைய உத்தரவுகள் பல ரத்தாவதற்கு, கோப்பில் உள்ள ஓட்டைகளே காரணமாக இருக்கின்றன.

எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பலாம், காவல் துறை மானியக் கோரிக்கையில் பேசலாம். அது முறையான வழி. நிலையத்துக்குப் போன் போட்டு "நம்ம ஆளு, விட்டுருங்க" என்பது முறைகேடு. இரண்டையும் நாம் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். அந்தப் போன் ஒருமுறை வேலை செய்தால், அடுத்த முறை எதிர்த் தரப்பின் போனும் வேலை செய்யும்.

போலீஸ் செய்வதற்கு அரசியல் தலைமை பொறுப்பா என்ற கேள்வி இந்த மண்ணில் பழையது. திருவிதாங்கூர் தமிழர் போராட்டத்தின்போது 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. அப்போது திருவிதாங்கூர் கொச்சியில் பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சர். அதே கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, மக்கள் மீது சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று தன் கட்சி முதலமைச்சரிடமே கேட்டார். கட்சி ஏற்கவில்லை. ஆனாலும் போலீஸ் சுட்டால் முதலமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்று ஆளும் கட்சிக்குள்ளிருந்தே ஒரு குரல் எழுந்தது இந்த மாவட்டத்தின் துப்பாக்கிச்சூட்டை முன்வைத்துத்தான்.

வெளியிலிருந்து வரும் கண்காணிப்பு

மாஜிஸ்திரேட்டைப் பார்த்தோம். அவருக்கு அப்பால்:

1. மாநில மனித உரிமை ஆணையம், சென்னை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். இதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. அதற்கு முன்பு இவை வெறும் ஆலோசனை போலவே நடத்தப்பட்டன.
2. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஆளைக் காணவில்லை என்றால் ஆட்கொணர்வு மனு. சென்னைக்குப் போக வேண்டியிருந்த நிலை 2004 ஜூலையில் கிளை தொடங்கியதும் மாறியது.
3. காவல் மரணம் என்றால் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம்.
4. லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை. இதன் மாவட்டப் பிரிவு நாகர்கோவிலிலேயே உண்டு.
5. சி.சி.டி.வி. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா நிலையங்களிலும் நுழைவாயில், லாக்கப், வராந்தா, வரவேற்பு அறை எல்லாவற்றிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேமரா ஓடவில்லை என்றால் அதற்குப் பொறுப்பு நிலைய அதிகாரியுடையது.

இத்தனையும் இருந்தும், நடுவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

மாவட்டப் புகார் ஆணையம்: பெயர் இருக்கிறது, சுதந்திரம் இல்லை

2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் இட்டது. அவற்றில் ஒன்று, டி.எஸ்.பி. வரையிலான அதிகாரிகள் மீதான புகார்களை விசாரிக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் புகார் ஆணையம். காவலில் நடக்கும் கொடுமைகள் மட்டுமல்ல, மிரட்டிப் பணம் பறித்தல், நிலம் வீடு அபகரிப்புக்குத் துணைபோதல், அதிகாரத்தைக் கடுமையாகத் தவறாகப் பயன்படுத்துதல் ஆகியவையும் அதன் வரம்புக்குள் வரும். ஒரு சிறிய ஊரில் இன்ஸ்பெக்டர் மீது வரும் புகார்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

தமிழ்நாடு 2013-ல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதில் மாவட்ட ஆணையத்தின் தலைவர் கலெக்டர்; உறுப்பினர்கள் எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும். மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்குக் கூடுதல் டி.ஜி.பி.யும். ஓய்வு பெற்ற நீதிபதிக்கு எங்கேயும் இடமில்லை. இந்த அமைப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர்களில் ஓய்வு பெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவரே உண்டு.

இதன் விளைவு எளிமையானது. இன்ஸ்பெக்டர் மீது எஸ்.பி.யிடம் மனு கொடுக்கிறீர்கள். பலன் இல்லை. மாவட்டப் புகார் ஆணையத்துக்குப் போகிறீர்கள். அங்கேயும் அதே எஸ்.பி. உட்கார்ந்திருக்கிறார். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். தன் அதிகாரியை நம்பி வேலை வாங்க வேண்டிய ஒருவரிடம், அந்த அதிகாரிக்கு எதிராகத் தீர்ப்பும் சொல்லச் சொல்வது அவருக்கும் நியாயமில்லை, புகார்தாரருக்கும் நியாயமில்லை. விளவங்கோட்டிலிருந்தோ தோவாளையிலிருந்தோ ஒரு கூலித் தொழிலாளி பஸ் ஏறி ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரத்தில், போலீஸைச் சேராத ஒருவர் அவர் புகாரைக் கேட்க வேண்டும். நாகர்கோவிலில் அப்படி ஓர் அலுவலகம் இல்லாததால்தான் அவர் சென்னை ஆணையத்துக்கும் மதுரைக் கிளைக்கும் போக வேண்டியிருக்கிறது. பலர் போவதே இல்லை.

புகார் உள்ளவர் போக வேண்டிய வரிசை

இந்த வரிசை முக்கியம். ஒரு படியைத் தாண்டிவிட்டு அடுத்ததற்குப் போனால் நீதிமன்றம் திருப்பி அனுப்பலாம்.

1. புகாரை எழுத்தில் கொடுத்து, இரண்டாவது நகலில் நிலைய முத்திரையும் தேதியும் வாங்குங்கள். சி.எஸ்.ஆர். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மறுக்க வேண்டாம். உங்களுடைய முதல் தேதி அதில்தான் இருக்கும்.
2. எஃப்.ஐ.ஆர். பதியவில்லை என்றால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். 173-ஆவது பிரிவின் நான்காவது உட்பிரிவு இதைத்தான் கேட்கிறது. புதன்கிழமை நேரில் கொடுத்தாலும் தபாலை விட்டுவிடாதீர்கள்.
3. அப்படியும் பதியவில்லை என்றால், அந்த எல்லைக்குரிய மாஜிஸ்திரேட்டிடம் 175-ஆவது பிரிவின் கீழ் மனு. மேலே சொன்ன இரண்டும் செய்ததற்கான ஆதாரத்தோடு உறுதிமொழிப் பத்திரமும் தேவை. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், நாகர்கோவில் நீதிமன்றத்தில் இயங்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார்.
4. எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகு வழக்கு நகரவில்லை என்றால், 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்குத் தெரிவிக்கப் போலீஸ் கடமைப்பட்டது. தெரிவிக்காவிட்டால் எழுதிக் கேளுங்கள். மனு மீது என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். பதில் தர 30 நாள்.
5. அடித்தார்கள், சட்டவிரோதமாக வைத்திருந்தார்கள் என்றால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் காயங்களைப் பதிவு செய்யுங்கள். யார் அடித்தது என்று டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் எழுதுவதுதான் பிறகு சாட்சி.
6. அதோடு கேமராப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் உடனே கடிதம் அனுப்புங்கள். எந்த நிலையம், எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, லாக்கப்பா, வராந்தாவா, இன்ஸ்பெக்டர் அறை வாசலா என்று அதில் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும்.